அரசனின் குதிரைப் பாய்ச்சல்

சென்ற கோடை விடுமுறையில் நம் கலாசாலை மாணவர் சிலர் கோடைக்கானலிற் சில நாள் தங்கியிருந்தனர். பழனி மலையின் இயல்பை அறிந்தார்க்கு, அங்கே பிற்பகல் மழை தொடங்கிவிட்டால் ஏரிக்கரை உலாவலும் தூண்பாறைக் காட்சியும் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்படும் என்பது புதிதன்று. அத்தகைய ஒரு மாலையில், விடுதியின் தாழ்வாரத்தில் மாணவருள் ஒருவர் சதுரங்கப் பலகையை விரித்தார். பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ அலுவலாக வந்து, மழைக்கு அவ்விடத்தே ஒதுங்கியிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, ஓர் ஆட்டம் ஆடுவோமா?" என்று கேட்டு எதிரே அமர்ந்தார்.

ஆட்டம் நடுப்பகுதியை எட்டுமுன்னரே வழக்கு எழுந்தது. மாணவர் தம் ராணியையும் யானையையும் முதியவருடைய அரசன் நிற்கும் நேர்வரிசையிற் கொணர்ந்து, அடுத்த நகர்வில் அரசனைத் தாக்குவதற்கு ஆயத்தமாயிருந்தார். முதியவர் அமைதியாகத் தம் அரசனைத் தூக்கிக் குதிரை பாய்வதுபோல் ஒரு மூலையைக் கடந்து வைத்துவிட்டார். "தாத்தா, ராஜா ஒரு கட்டந்தானே போகலாம்?" என்று மாணவர் நகைத்தார். "இன்னும் ஒரு தடவைகூடச் செக் வாங்கவில்லையே தம்பி, ஒரு பாய்ச்சல் பாக்கியிருக்கிறது" என்றார் முதியவர். அது சட்டமன்று என்று மாணவர் வாதிக்கவே, "நீ சற்று முன்பு ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் இரண்டு காயாக நகர்த்தினாயே, அது மட்டும் எந்த ஊர் நியாயம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சூழ்ந்திருந்தோர் சிரித்தனர். முதியவர் ஆட்டம் தெரியாதவர் என்றே பெரும்பாலோர் எண்ணினர். யானும் அப்பொழுது வாளாவிருந்தேன். பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், முதியவர் தவறேதும் செய்திலர் என்பதும், நகைத்த நாமே அறியாதார் என்பதும் விளங்கின. அவ்விளக்கத்தை நம் சஞ்சிகையின் வாயிலாக அன்பர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவ்விதி யாதெனக் கூறுவாம். நம் நாட்டில் வழிவழியாக ஆடப்பட்டு வந்த சதுரங்கத்தில், அரசன் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரையைப் போலப் பாயலாம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அதுகாறும் அவ்வரசன் எதிரியின் தாக்குதலுக்கு, அஃதாவது செக்கிற்கு, ஒரு முறையேனும் ஆளாகியிருத்தல் கூடாது. செக் வந்தபின், அதை வேறொரு காயால் மறைத்துத் தப்பினும், அரசன் தன்னிடத்தினின்று அசையாதேயிருப்பினும், அவ்வுரிமை அடியோடு போய்விடும். பாயும்போது எதிரியின் காயை வெட்டலாமா என்பது போன்ற சிறு நுணுக்கங்களில் ஊருக்கு ஊர் வேற்றுமை இருந்தது. அடிப்படை மாத்திரம் பெரும்பாலும் ஒன்றே.

இக்காலத்து மாணவர் அறிந்த உலகப் பொதுச் சட்டத்தில் இதற்கு ஈடாக நிற்பது கோட்டை கட்டுதல் ஆகும். அரசன் யானையை நோக்கி இரண்டு கட்டம் செல்ல, யானை அரசனைத் தாண்டி மறுபுறம் வந்து நிற்கும். அரசனும் அவ்யானையும் அதற்குமுன் நகர்ந்திருத்தல் கூடாது; இடையிற் காய் இருத்தல் கூடாது; அரசன் செக்கில் நிற்கும்போதும், தாக்கப்படும் கட்டத்தைக் கடந்தும், தாக்கப்படும் கட்டத்திற்கும் செல்லுதல் கூடாது. ஆயினும், செக் வந்து அதனை அரசன் நகராமலே விலக்கிக்கொண்டால், பின்னர்க் கோட்டை கட்டும் உரிமை மீண்டும் கிட்டும். இவ்விடத்தேதான் இரு விதிகட்கும் உள்ள பெரு வேற்றுமையைக் காண்கிறோம். உலகச் சட்டத்திற் செக் அவ்வுரிமையைச் சிறிது நேரம் தடுத்து வைக்கும். நம் பழஞ் சட்டத்திற் செக் அதனைக் கொன்றுவிடும்.

பலகையை முன்னே வைத்துக்கொண்டு நோக்குவார்க்கு இதன் பயன் எளிதிற் புலப்படும். தன்னிடத்தில் நிற்கும் வெள்ளையரசன் பாயக்கூடிய கட்டங்கள் நான்கு. இரண்டாம் வரிசையில், தன் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள கட்டமும், ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள கட்டமும். மூன்றாம் வரிசையில், ராணியின் நேர்க்கட்டமும், தன் பக்கத்து மந்திரியின் நேர்க்கட்டமும். இவற்றுள் முதலிற் கூறியதே பெரிதும் விரும்பப்படத்தக்கது. குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் முன்னே தள்ளி, அது விட்ட இடத்தில் அரசன் பாய்ந்து அமர்வானாயின், மூன்று காலாட்கள் அவனுக்கு அரணாய் நிற்பர். யானையை விடுவிக்க மேலும் ஒரு நகர்வு வேண்டும். கோட்டை கட்டுதலோ அரசனைக் காத்தலையும் யானையைப் போர்முகத்திற்கு அழைத்தலையும் ஒரே நகர்வில் முடித்துவிடுகிறது. ஆகவே விரைவு நோக்கிற் கோட்டை கட்டுதலே சிறந்தது. ஆனால் பாய்ச்சலுக்கு இடையிலுள்ள காய்கள் தடையாகா; யானை முன்னரே நகர்ந்திருப்பினும் குறையில்லை; ஆட்டத்தின் இருபதாம் நகர்விலும் அதனைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம். எதிரி எப்பொழுதும் அதனை எண்ணியே தன் படையை நடத்தவேண்டும்.

இதனின்று ஒரு நுண்ணிய போர்முறை பிறந்தது. எதிரியின் பாய்ச்சலைப் போக்குவதற்காகவே, வேறு பயனில்லாத ஒரு செக்கையேனும் முற்படக் கொடுத்துவிடுதல் ஒரு தந்திரம். அதற்கு இடங்கொடாமல் அரசனுக்கு முன்னுள்ள வழிகளை மூடிவைத்தல் அதற்கு மாற்றுத் தந்திரம். இக்காலத்து ஆசிரியர், பயனற்ற செக் கொடாதே என்று மாணவரை எச்சரிப்பர். பழஞ் சட்டத்தில் அவ்வெச்சரிக்கை செல்லாது. ஒரு விதி மாறினால் அறிவுரையும் மாறும் என்பதற்கு இஃதொரு சான்று.

நிற்க. இப்பாய்ச்சல் நம் நாட்டார் தனித்து வகுத்த விந்தையோ எனின், அன்று. சதுரங்கம் வடஇந்தியாவிற் கி. பி. 6 அல்லது 7-ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்று, பாரசீகத்திற் சத்ரங் எனவும், அரபியரிடத்துச் சத்ரஞ்சு எனவும் வழங்கி, ஐரோப்பாவை அடைந்தது என்பது அறிஞர் பெரும்பாலோர் ஒப்பிய செய்தி. அவ்வழியெல்லாம் அதன் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. அரபியர் ஆட்டத்தில் அரசனுக்கு அருகே நின்ற அமைச்சன் மூலைவாட்டில் ஒரே கட்டந்தான் செல்வான். அவனே பின்னர் ஐரோப்பாவில் ராணியாகி, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பலகை முழுதும் ஆளும் ஆற்றல் பெற்றான். இடைக்கால ஐரோப்பாவில், அரசன் தன் முதல் நகர்வில் ஒரு கட்டத்திற்கு அப்பாலும் தாவலாம் என்ற விதி வழங்கிற்று. 1497-இற் சலமாங்காவில் வெளிவந்த லூசேனாவின் நூல், பழைய ஆட்டத்தையும் புதிய ஆட்டத்தையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. அரசனின் அத்தாவலே நாளடைவில் யானையின் நகர்வோடு இணைந்து கோட்டை கட்டுதலாயிற்று என்பர் சதுரங்க வரலாற்றாசிரியர். ஆகவே மாணவர் செய்த கோட்டையும் முதியவர் செய்த பாய்ச்சலும் ஒரே நோக்கத்திற்கு வகுக்கப்பட்ட உறவு விதிகள். மூத்தது இளையதை நோக்கி "நீ எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டதில் வியப்பில்லை.

இனி, நம் நாட்டில் இவ்வுரிமை ஓய்வுபெற்ற வரலாற்றைக் காண்போம். தென்னாட்டுப் புலவராகிய திருவேங்கடாசாரிய சாஸ்திரியார் வடமொழியிற் சதுரங்க நிலைகளைத் தொகுத்து ஒரு நூல் யாத்தார். அது 1814-இற் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. அப்பதிப்பின் தலைப்பிலேயே, ஐரோப்பியர் ஆடும் முறைக்கு ஏற்ப அமைக்கப்பெற்றது என்ற குறிப்பு இருப்பது கருதத்தக்கது. நம்மவர் ஒருவரின் அறிவு உலகரங்கில் ஏறவேண்டுமாயின் உலகத்தார் விதியை உடுத்துக்கொண்டே ஏறவேண்டும் என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

1850-ஆம் ஆண்டளவிற் கல்கத்தாவில் வாழ்ந்த மகேஷ்சந்திர பானர்ஜி என்பார், ஸ்காத்லாந்து நாட்டு வழக்கறிஞர் ஜான் காக்ரேனோடு பல ஆட்டங்கள் ஆடினார். நம் பழஞ் சட்டத்திற் காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்வான். ஐரோப்பியச் சட்டத்தில் விரும்பினால் இரண்டு கட்டம் செல்லலாம். பானர்ஜி ஐரோப்பியச் சட்டத்தின்படி ஆடியபோதும், பழகிய கைப்படி, காலாட்களை ஒவ்வொரு கட்டமாகவே நகர்த்தி, மந்திரியைப் பக்கத்தில் நிறுத்தி ஆடினார். அம்முறையைப் பின்பற்றிய தொடக்கங்களே இன்று உலகெங்கும் இந்தியத் தற்காப்பு என்ற பெயரால் வழங்குகின்றன. பாய்ச்சல் மறைந்தது, அதன் தோழனாகிய ஒரு கட்ட நடை மாத்திரம் பெயரளவில் உலக நூல்களில் நிலைத்துவிட்டது.

அடுத்து நினைக்கத்தக்கவர் பஞ்சாப் நாட்டு மீர் சுல்தான் கான். அவர் இளமையில் தம் தந்தையாரிடம் இந்தியச் சட்டத்தின்படியே சதுரங்கம் கற்றவர். சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழார் அவரை ஆதரித்து, ஐரோப்பியச் சட்டத்தைப் பயிலச் செய்தார். 1928-இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற அவர், 1929-இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் வாகையர் பட்டம் பெற்றார். 1932-லும் 1933-லும் அப்பட்டம் மீண்டும் அவரையே சேர்ந்தது. 1930–31-ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவை அவர் வென்றார். தொடக்க நகர்வுகளைப் பற்றிய ஐரோப்பிய நூற்பயிற்சி அவருக்கு மிகக் குறைவு. பாய்ச்சலும் ஒரு கட்ட நடையும் உடைய ஆட்டத்திற் பழகிய ஒருவர், நடு ஆட்டத்தையும் இறுதி ஆட்டத்தையும் தம் அறிவின் வலிமையாலே நடத்தி வென்றார் என்பதே அவர் பெருமை. 1933-இன் இறுதியிற் றாயகம் மீண்ட அவர் 1966-இற் காலமானார். சர்வதேசச் சதுரங்கக் கழகம் 2024-இலேதான் கிராண்ட்மாஸ்டர் என்ற கௌரவப் பட்டத்தை அவர்க்கு அளித்தது.

1951-இல் அகில இந்தியச் சதுரங்கக் கழகம் தோன்றியது. எனினும் 1960-ஐ அடுத்த ஆண்டுகள் வரையிலும் நாட்டின் பல பகுதிகளிற் பழைய விதிகள் வழங்கியே வந்தன. உலகச் சட்டத்தைப் பரப்பியவருள் முதன்மையானவர், 1961-இல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோன். தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், சங்கங்கள் அமைத்தும், நூல்களைப் பயிலுமாறு இளைஞரைத் தூண்டியும் செய்த தொண்டு பெரிது. 1972-இற் சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மிகையில் தால் பெயராற் றொடங்கிய சங்கத்திற் பயின்ற விசுவநாதன் ஆனந்த் 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-இல் மாமல்லபுரத்திற் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024-இற் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் ஆனபோது அவர்க்கு வயது 18. நம் ஊர் விதியைப் பிடித்துக்கொண்டு நாம் தனித்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திராது. ஆதலின் பாய்ச்சலைக் கைவிட்டது பிழை என்று யான் கூறவில்லை.

அங்ஙனமாயின், பாய்ச்சலை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மாற்றியிருக்கலாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது என்பதே விடை. காலாள் ஒரு கட்டமே நடக்கும் ஆட்டத்தில் இரு படைகளும் மெல்ல நெருங்கும். அரசனுக்கு உடனே ஆபத்தில்லை. ஒரு முறைப் பாய்ச்சல் போதிய காப்பாகும். காலாள் இரண்டு கட்டம் பாயும் ஆட்டத்தில், மூன்று நான்கு நகர்வுகளிலேயே பலகையின் நடுவிடம் திறந்துவிடும். அரசனை விரைந்து ஒதுக்குதலும் யானையை நடுவிடத்திற்குக் கொணர்தலும் ஒருங்கே வேண்டப்படும். அவ்விரண்டையும் செய்வது கோட்டை. ஆகவே விதிகள் தனித்தனியே வாழ்வதில்லை. ஒன்றையொன்று பற்றி வாழ்கின்றன. பந்தலின் ஒரு காலை மாற்றினால் ஏனைய கால்களின் அளவையும் பார்க்கவேண்டும் என்பது போலாம்.

இத்தகைய ஓய்வு புது விளையாட்டுக்களிலும் உண்டு. 1993-இல் ரிச்சர்ட் கார்பீல்டு என்னும் கணித அறிஞர் அமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டாட்டம் இன்று பல நாடுகளில் ஆடப்படுகிறது. மாயப் படைகளைக் குறிக்கும் சீட்டுக்களைச் சேர்த்தும் மாற்றியும் ஆடுவது அது. அதன் முதற்றொகுதியிலேயே 'பேண்டிங்' என்றொரு போர்த்திறம் இருந்தது. அத்திறமுடைய வீரர், அத்திறமில்லாத ஒருவனையும் உடன் சேர்த்து, ஒரே குழுவாகப் படையெடுக்கலாம். குழுவில் ஒருவனை எதிரி தடுத்தால் குழு முழுதும் தடுக்கப்பட்டதாகும். ஆயினும், எதிரி விளைக்கும் ஊறு குழுவில் யார் யாரைச் சேரவேண்டும் என்பதைக் குழுவை ஆள்பவரே பங்கிடுவார். கருத்து அழகியதே, ஆனால் அதனை விளக்குவதற்கு ஆகும் நேரம் ஆட்டத்தின் இன்பத்தைக் கெடுத்தது, ஆடுவோர் ஓயாது ஐயுற்றனர். ஆகவே 1997-க்குப்பின் அத்திறத்தைப் புதுச்சீட்டுக்களிற் சேர்ப்பதை ஆட்டத்தை வெளியிடுவோர் நிறுத்திவிட்டனர்.

ஈண்டு ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். பேண்டிங் ஓய்வுபெற்றதேயன்றி அழிந்திலது. பழஞ் சீட்டுக்களில் அப்பெயர் அச்சாகியிருக்கிறது. ஆட்டத்தின் விரிவான சட்டத் தொகுப்பில் அதற்குரிய பகுதி இன்றும் உளது. ஒருவர் தம் பெட்டியினின்று அச்சீட்டை எடுத்து வைத்தால் அத்திறம் மீண்டும் எழுந்து பணிசெய்யும். நம் அரசனின் பாய்ச்சலுக்கோ அத்தகைய பத்திரம் ஒன்றுமில்லை. மரத்தாற் செய்த அரசன்மீது அவன் உரிமை எழுதப்படவில்லை. அறிஞர் சிலர் பொதுவிதியை நூல்களிற் குறித்துள்ளனர் என்பது மெய். ஆனால், இன்ன ஊரில் எவ்வாறு ஆடினர், என்ன சொல்லால் அதனை அழைத்தனர், எந்த நுணுக்கத்தில் வேறுபட்டனர் என்பன ஆடினார் நெஞ்சில் மாத்திரம் இருப்பன. அவர் மறைந்தால் அவையும் மறையும்.

பழனி மலையைச் சுற்றி வந்தார்க்கு இஃது இன்னும் நன்கு உறைக்கும். செண்பகனூரில் இயேசு சபைக் குருமார் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியைச் சார்ந்த காட்சிசாலையில், இம்மலையின் செடிகொடிகளும் உயிரினங்களும் பேணி வைக்கப்பட்டிருப்பதை நம் மாணவர் கண்டிருப்பர். மலைமேற் காணும் பழங்காலக் கற்றிட்டைகளைப் பற்றி ஆங்கிளேடு, நியூட்டன் என்னும் குருமார் இருவர் எழுதிய நூல் 1928-இல் வெளிவந்தது. கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தார் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கமுதல் ஞாயிற்றின் முகத்தைப் படமெடுத்துச் சேர்த்து வந்துள்ளனர். பேசாத கல்லையும், எட்டாத ஞாயிற்றையும் குறித்து வைத்த மலையிலேயே, நம்மெதிரே அமர்ந்து பேசிய முதியவரின் ஆட்டவிதியைக் குறித்துக்கொள்ள ஒருவர்க்கும் தோன்றவில்லை. நகைக்கத்தான் தோன்றிற்று.

அன்று மழை விடவில்லை. வழக்கு முடியாத முதலாட்டத்தைக் கலைத்துவிட்டு, "சரி தாத்தா, இந்த முறை உங்கள் ஊர்ச் சட்டப்படியே ஆடுவோம்" என்று மாணவர் இசைந்தார். காலாள் ஒரு கட்டம், கோட்டை கிடையாது, ஆளுக்கு ஒரு பாய்ச்சல். ஒன்பது பத்து நகர்வுகள் ஆனபின் மாணவர் தம் மந்திரியை நீட்டி முதியவரின் அரசனுக்குச் செக் கொடுத்தார். அச்செக்கை ஒரு காலாளால் எளிதில் மறைக்கலாம். மந்திரியும் பின்வாங்க நேரும். உலகச் சட்டத்தில் அது வீண் நகர்வு. முதியவர் பலகையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "பாய்ச்சலைப் பறித்துவிட்டாயே! இப்போது உனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது" என்றார். அவர் முகத்தில் அப்பொழுது தோன்றிய மகிழ்ச்சி, வென்றவர்க்கும் எளிதிற் கிட்டாதது. ஆட்டத்தில் வென்றவர் அவரே.

மாணவ நண்பர்காள்! வரும் விடுமுறையில் நும் இல்லத்து முதியோரிடம் ஒரு பலகையை எடுத்துச் செல்லுங்கள். சதுரங்கமாயினும், ஆடுபுலியாட்டமாயினும், பல்லாங்குழியாயினும் ஆகுக. அவர் நும்மினும் வேறுபட ஆடுவாராயின் திருத்த முந்தாதீர்கள். அவர் விதிப்படியே ஓர் ஆட்டம் ஆடுங்கள். ஊரின் பெயரும் ஆண்டும் இட்டு அவ்விதியை ஒரு தாளில் எழுதுங்கள். அவ்வாறு எழுதி வருவனவற்றை அடுத்த ஆண்டு இச்சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியில் வெளியிட இடம் ஒதுக்குமாறு பத்திராதிபரை யான் வேண்டிக்கொள்கிறேன். உலகப் போட்டிகளில் உலகச் சட்டமே நிலவுக. அதில் நம்மவர் மேன்மேலும் வெல்க. ஆயினும், தன் கடமையை முடித்து ஓய்வுபெற்ற பணியாளனை அவன் பெயரும் ஊரும் அறிந்து வழியனுப்புதல் நன்றியுடையார் செயல். அரசனின் பாய்ச்சலுக்கும் அம்மட்டும் நாம் கடமைப்பட்டுள்ளோம்.